சந்தேகம் எந்தப் பக்கம் சாய்கிறது

2009-இல் நான் துவாஸில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கப்பல் பட்டறைகளுக்கு வால்வு, கயிறு, கையுறை என்று சாமான் அனுப்பும் இடம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து சிங்கப்பூர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பி.காம். படித்தவள், ஆங்கிலத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண். ஆங்கிலம் எனக்கு வரும் என்று முழுமனதாக நம்பியிருந்தேன்.

ஒருநாள் பில்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரே சப்ளையரிடமிருந்து 4,860 வெள்ளிக்கு இரண்டு பில்கள் வந்திருப்பது கண்ணில் பட்டது. எண் வேறு, தேதி வேறு. ஆனால் சாமான் பட்டியல் வரிக்கு வரி ஒன்று. டெலிவரி ஆர்டரும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உடனே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன். "ஐ டவுட் தே ஹேவ் பில்ட் அஸ் ட்வைஸ்." மனசில் ஓடிய வாக்கியம் இது: 'ரெண்டு தடவை பில் போட்டிருப்பாங்களோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.'

மேலாளர் சீனர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நிதானமான மனிதர். மின்னஞ்சலைப் படித்துவிட்டு, இரண்டு பில்லுக்கும் காசோலை போடச் சொன்னார். அவர் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நானும் போட்டுவிட்டேன். ஆண்டுக் கணக்குத் தணிக்கையில் விஷயம் வெளியே வந்தது. என்னை அறைக்குக் கூப்பிட்டு, என் மின்னஞ்சலையே திரையில் காட்டினார். "இரண்டு முறை வந்திருக்காது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டார். கோபப்படவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. 'வந்திருக்கு என்றுதானே எழுதினேன்' என்று நினைத்துக்கொண்டு, வாய் வராமல் நின்றேன்.

பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். நான் 'காக்' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மதியச் சாப்பாட்டின்போது அவர்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். ஒரு விஷயம் நடந்திருக்காது என்று மனசு சொன்னால் 'டவுட்'. நடந்திருக்கும் என்று மனசு சொன்னால் 'சஸ்பெக்ட்'. நான் எழுத நினைத்ததற்கு நேர் எதிரானதை எழுதியிருக்கிறேன்! பணம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

ஊரில் எங்களுக்கு 'டவுட்' என்றால் வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்பது. "சார், ஒரு டவுட்." அங்கே அது கேள்வி என்பதற்கு இன்னொரு பெயர். அகராதியைத் திறந்தாலும் இரண்டு சொல்லுக்கும் நேராகச் 'சந்தேகப்படு' என்றுதான் இருக்கும். அதை மனப்பாடம் செய்து வளர்ந்த யாருக்கும் இந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் ஒருநாள் ஈசூனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பாட்டி ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழை வருமோன்னு சந்தேகமா இருக்கும்மா, குடை இருக்கா?" என்று கேட்டார். சட்டென்று எனக்கு விளங்கியது. மழை வரும் என்று நினைப்பதால்தான் பாட்டி குடையைக் கேட்கிறார். இதே பாட்டி வெயிலில் நின்றுகொண்டு "மழை வருமா என்பது சந்தேகம்தான்" என்றால், வராது என்று நினைக்கிறார். இரண்டிலும் அதே சந்தேகம். ஆனால் 'வருமோ' என்னும்போது மனசு ஆமாம் பக்கம் சாய்கிறது, 'வருமா' என்னும்போது இல்லை பக்கம் சாய்கிறது. ஆங்கிலம் இரண்டு வினைச்சொல் வைத்துச் செய்கிற வேலையை, தமிழ் ஒரு ஓகாரத்தையும் ஒரு ஆகாரத்தையும் வைத்துச் செய்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட அதில் ஒருநாளும் தவறுவதில்லை.

என் மின்னஞ்சலில் தொலைந்துபோனது அந்த ஓகாரம். 'சந்தேகம்' என்ற சொல்லை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நின்ற வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

இதை நினைக்கத் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று என் மகள், தொடக்கநிலை 5. இரண்டு பேர் எங்கள் புளோக்கிலேயே இருப்பவர்கள், ஒருவன் எதிர் புளோக். காசு வாங்கிக்கொண்டு நடத்தும் துணைப்பாட வகுப்பு இல்லை. ஆங்கிலத் தாளில் சொல்வளப் பகுதி இருக்கிறதே, நான்கு சொற்களைக் கொடுத்துப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்களே, அதில் பிள்ளைகள் விழுகிற இடத்தைச் சேர்ந்து பார்ப்போம் என்று ஆரம்பித்தது. நான்கும் அர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்களாக இருக்கும். நான்கில் ஒன்றுதான் அந்த வாக்கியத்தில் உட்காரும்.

இந்தப் பிள்ளைகள் என்னைப் போலத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவர்கள் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பள்ளியில் மற்றப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், தமிழ் ஒரு பாடம். ஆகவே இவர்கள் தமிழைத்தான் ஆங்கிலம் வழியாகப் பார்க்கிறார்கள். பத்தாவது மாடிப் பெண் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, ஹியர்னாலும் கேள், லிசன்னாலும் கேள், ஆஸ்க்னாலும் கேள். தமிழ்ல வேற வெர்பே இல்லையா?"

குறை சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. தமிழ்ச் சொற்பட்டியலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. அவள் கையில் கிடைத்திருப்பது ஏழைத் தமிழ். அது அவள் தப்பு இல்லை.

அன்று அவளிடம் அர்த்தம் சொல்லாதே, வாக்கியம் சொல் என்றேன். 'சத்தம் கேட்டது' என்றாள். யாருக்கு? 'எனக்கு.' சரி, பாட்டு? 'நான் பாட்டுக் கேட்டேன்.' டீச்சர்? 'நான் டீச்சர்கிட்ட கேட்டேன்.' மூன்று வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எனக்கு' என்று தொடங்கினால் 'ஹியர்'. அதில் நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தம் தானாக வந்தது. 'நான்' என்று தொடங்கினால் 'லிசன்'. நானாகச் செய்தேன். 'கிட்ட' வந்தால் 'ஆஸ்க்'. அவளே சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்குத் தமிழில் இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. காதில் விழுந்தது என்போம், காது கொடுத்துக் கேட்டேன் என்போம். விழுவது 'ஹியர்', கொடுப்பது 'லிசன்'. எம்ஆர்டி நிலையத்தில் தமிழ் அறிவிப்பு தினமும் நம் காதில் விழுகிறது. காது கொடுத்துக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? அதேபோலக் கண்ணில் பட்டது என்றால் 'சீ'. பார்த்தேன் என்றால் 'லுக்'. பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் 'வாட்ச்'. குழந்தையைப் பார்த்துக்கொள் என்னும்போது வருகிற 'கொள்' அப்படியே 'வாட்ச்' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. கண்ணை எடுக்காதே என்று அர்த்தம். டாக்டரைப் பார்க்கப் போவது மட்டும் இதில் அடங்காது. அதற்கு 'சீ'தான். அங்கே பார்ப்பது கண்ணால் இல்லை, சந்திப்பது. அது ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

'சே', 'டெல்' இரண்டும் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. இரண்டுக்கும் 'சொல்'தான். இலக்கணப் புத்தகம் ஒரு வழி காட்டும்: 'டெல்' என்றால் யாரிடம் என்பது ஒட்டி வர வேண்டும், 'சே' என்றால் என்ன சொன்னார் என்பது வந்தால் போதும். 'ஹி டோல்ட் மீ', 'ஹி செட் இட் வாஸ் லேட்'. சரிதான். ஆனால் பொய், கதை, உண்மை எல்லாம் 'டெல்'லோடுதான் போகும். அங்கே யாரிடம் என்பது வராவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 'ஹி டோல்ட் எ லை' என்றால் முழு வாக்கியம். 'ஹி செட் எ லை' என்று ஆங்கிலக்காரர் சொல்லமாட்டார். ஏன்? பிள்ளைகளுக்கு இதைப் பட்டியல் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பதில் நம் வீட்டிலேயே இருந்தது. தமிழில் சொல்வதற்கு இன்னொரு வினை உண்டு. 'வருகிறேன் என்றார்' என்கிறோமே, அந்த 'என்'. கதை எழுதுகிறவர்கள் பக்கத்துக்குப் பத்து முறை எழுதும் வினை அது. பேச்சிலும் '-ன்னார்', '-ன்னாங்க' என்று ஒட்டிக்கொண்டு ஓயாமல் வருகிறது. இப்போது இந்த இரண்டையும் பாருங்கள். 'பொய் சொன்னார்.' 'பொய் என்றார்.' முதலாவதில் பொய்யர் அவர். இரண்டாவதில் வேறு யாரோ சொன்னதை அவர் பொய் என்கிறார். 'என்' என்ற வினை வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எடுத்து நீட்டுகிறது. 'சே'யும் அப்படித்தான். 'சொல்' உள்ளே இருக்கும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கதை சொல்லலாம், ஆனால் 'கதை என்றார்' என்றால் கதை சொன்னதாக ஆகாது. அதனால்தான் கதையும் பொய்யும் 'டெல்' பக்கம் நிற்கின்றன. இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் பொருந்தாது, தமிழ்ச் 'சொல்' அகலமானது, 'சே' வருகிற இடத்திலும் தாராளமாக வரும். ஆனாலும் பொய் சொன்னார், பொய் என்றார் என்ற ஜோடியைக் கேட்ட பிறகு எங்கள் மேசையில் 'செட் எ லை' என்று யாரும் எழுதவில்லை.

இனி சிங்கப்பூருக்கே உரிய குழப்பத்துக்கு வருகிறேன். எதிர் புளோக் பையன் முதல்நாள் வந்ததும் என் மகளிடம், "போரோ மீ யுவர் ரப்பர்" என்றான். தனக்கு இரவல் கொடு என்கிறான், ஆனால் வாயில் வந்தது இரவல் வாங்கு. இது தமிழிலிருந்து வந்த தவறு இல்லை. தமிழில் வாங்கு, கொடு இரண்டும் பகலும் இரவும் போல. யாரும் 'எனக்கு உன் ரப்பரை இரவல் வாங்கு' என்று சொல்வதில்லை. சீன மொழியில் 'ஜியெ' என்ற ஒரே சொல் வாங்குவதற்கும் வரும், கொடுப்பதற்கும் வரும். யாரிடமிருந்து யாருக்கு என்பதை வாக்கியத்தின் மற்ற உறுப்புகள் காட்டிவிடும். அந்த ஓட்டம் இங்கே தெரு ஆங்கிலத்தில் கலந்து, தமிழ்ப் பிள்ளையின் நாக்கிலும் ஏறிவிட்டது. பையனிடம் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "உன் ரப்பரை எனக்குக் கொடு" என்றான். கொடுதானே, அப்ப 'லெண்ட்' என்றேன். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆங்கிலத்தில் அவனுக்கு இருந்த குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ் உதவியது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

விளக்கு விஷயமும் இப்படித்தான். இங்கே பலர் 'ஓப்பன் த லைட்' என்பார்கள். சீனத்தில் விளக்கைத் திற என்பதுதான் வழக்கு, மலாய்ப் பேச்சிலும் 'புக்கா லம்பு' உண்டு. நாம் லைட்டைப் போடுகிறோம். மருந்து விஷயத்திலோ மூன்று மொழியும் ஒரே கட்சி. தமிழில் மருந்து சாப்பிடுகிறோம், மலாயில் 'மாக்கான் உபாட்', சீனத்தில் 'ச்சி யாவ்'. மூன்றும் சாப்பிடு என்றுதான் சொல்கின்றன. ஆங்கிலம் ஒன்றுதான் மருந்தை 'டேக்' செய்கிறது. ஆகவே சிங்கப்பூர்ப் பிள்ளை 'ஈட் மெடிசின்' என்று எழுதினால் நான் திருத்துவேன், ஆனால் திட்டமாட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஆசியாவின் பெரும்பகுதி நிற்கிறது.

2000-இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று இங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அதன் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. வேலையிடத்தில் ஒரு சொல் இடம் மாறினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். ஆனால் சில பெற்றோர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு, ஆங்கிலம் கெட்டுவிடும் என்று வீட்டில் தமிழைக் குறைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு தாய் என்னிடம் நேரடியாகவே, "நீங்க இங்கிலீஷ் சொல்லித் தரும்போது தமிழைக் கலக்காதீங்க அக்கா, பிள்ளை குழம்பிடுவான்" என்றார். அவரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்து, 'பிரிங்', 'டேக்' பாடத்தைக் காட்டினேன்.

அந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டும் எடுத்துச் செல்வதுதான். 'பிரிங்' எப்போது, 'டேக்' எப்போது? நானிருக்கும் இடத்துக்கு என்றால் 'பிரிங்' என்று எல்லோரும் சொல்வார்கள். தடுக்குகிற இடம் வேறு. நான் உன் வீட்டுக்கு ஒரு கேக் எடுத்துவருகிறேன் என்றால்? நான் அங்கே இல்லையே. ஆனாலும் 'பிரிங்'தான். அவள் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றால் 'டேக்'. என்னிடம், உன்னிடம் என்றால் ஒன்று, அவளிடம் என்றால் வேறொன்று.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கைப் பற்றிச் சொல்கிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறது. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. உன் வீட்டுக்கு வருகிறேன், அவன் வீட்டுக்குச் செல்கிறேன். ஆங்கிலப் பிள்ளை 'பிரிங்', 'டேக்', 'கம்', 'கோ' நான்கிலும் கற்றுக்கொள்ள வேண்டிய கோடு எதுவோ, அதே கோடு அங்கே அப்போதே கிழித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழில் தா, கொடு வித்தியாசம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. எனக்குக் கொடு என்று தாராளமாகச் சொல்கிறோம். மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் மலையாளத் தோழி ஒருத்தி, 'எனிக்கு தா', 'அவனு கொடுக்கு' என்று யோசிக்காமல் பிரித்துப் பேசுவாள். ஆனால் வா, போ வித்தியாசம் நம்மிடம் கொஞ்சமும் தேயவில்லை. கொண்டுவா, கொண்டுபோ என்று வைத்துப் பார்த்தால் 'பிரிங்', 'டேக்' தானாக வந்துவிடும். கேக்கை உன் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். கேக்கை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

அந்தத் தாய் டீ குடித்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளையை அனுப்பினார்.

அனுப்பினார் என்றதும் ஞாபகம் வருகிறது. 'செண்ட்' என்ற சொல் இங்கே வேறு மாதிரி ஓடுகிறது. "ஐ செண்ட் மை மதர் டு த ஏர்போர்ட்" என்று இங்கே ஒருவர் சொன்னால், அவரே காரில் சாங்கிக்குக் கொண்டுபோய் விட்டார் என்று எல்லோருக்கும் புரியும். லண்டனில் அதே வாக்கியத்தைச் சொன்னால், அம்மாவைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே அனுப்புகிறவர் கூடப் போவதில்லை. தமிழும் இதில் லண்டன் பக்கம்தான். அனுப்பினேன் என்றால் நான் போகவில்லை, கொண்டுபோய் விட்டேன் என்றால் போனேன். நடுவில் வழியனுப்பினேன் என்று ஒன்று வைத்திருக்கிறோம். வாசல்வரை, அல்லது விமான நிலையக் கண்ணாடிக் கதவுவரை போய்க் கையசைத்துவிட்டு வருவது. அதற்கு ஆங்கிலத்தில் 'சீ ஆஃப்'. பள்ளிவிட்டதும் பேரப்பிள்ளைகளைத் தாத்தாமார்கள் 'ஃபெட்ச்' செய்வது போய்க் கூட்டிவருவது, போவதும் வருவதும் இரண்டும் அதில் உண்டு. தமிழில் போயிட்டு வர்றேன் என்று விடைபெறுகிறோமே, அந்த இரட்டை நடை. இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். தாத்தாமார்கள் தினமும் ஒரு 'ஃபெட்ச்' என்று என் மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்தது நான் ஊரில் பத்தாம் வகுப்பிலிருந்தே பயந்த இடம். 'லை', 'லே'. 'ரைஸ்', 'ரெய்ஸ்'. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் 'லை', 'லே'யில் தடுமாறுவார்கள். காரணம், 'லை' என்பதன் இறந்தகாலம் 'லே'. நேற்று நான் சோபாவில் படுத்துக் கிடந்தேன் என்றால் 'லே'. குழந்தையை இப்போது தொட்டிலில் கிடத்துகிறேன் என்றாலும் 'லே'. உருவம் ஒன்று, உள்ளே வேறு வேறு ஆள்.

மேலே எழுதிய இரண்டு தமிழ் வாக்கியத்தையும் திரும்பப் படியுங்கள். கிட, கிடத்து. தன்வினை, பிறவினை. எழு, எழுப்பு: 'ரைஸ்', 'ரெய்ஸ்'. விழு, வீழ்த்து: 'ஃபால்', 'ஃபெல்', மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது சொல். இரு, இருத்து: 'சிட்', 'செட்'. ஆங்கிலத்தின் மூதாதை மொழிகளில் ஒரு வினையோடு விகுதி சேர்த்துப் பிறவினை செய்யும் வழக்கம் இருந்தது. அந்த விகுதியின் ஒலி வேரில் இருந்த உயிரொலியைப் பாதித்துவிட்டு, காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது பெரும்பாலும் உயிரொலி வித்தியாசம்தான். 'ட்ரிங்க்', 'ட்ரெஞ்ச்'கூட அப்படி வந்த ஜோடிதான். இன்று தொப்பலாக நனைப்பது என்று பொருள்படும் 'ட்ரெஞ்ச்', முதலில் குடிக்க வைப்பது என்று பொருள்பட்டது. 'ரெய்ஸ்' மட்டும் ஸ்காண்டிநேவியர்கள் பேசிய நார்ஸ் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது, அங்கேயும் அதே முறை.

ஆங்கிலத்தில் இது பழைய வீட்டின் இடிந்த சுவர்போல ஆங்காங்கே நிற்கிறது. தமிழில் வீடு முழுசாக இருக்கிறது, நாம் அதற்குள் குடியிருக்கிறோம். ஓடு ஓட்டு, ஏறு ஏற்று, திருந்து திருத்து, வருந்து வருத்து, நிரம்பு நிரப்பு, உருகு உருக்கு. வெண்ணெய் உருகுகிறது, அம்மா வெண்ணெயை உருக்குகிறாள். ஆங்கிலம் இரண்டுக்கும் 'மெல்ட்' என்று ஒன்றையே வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. மூன்று வயதுத் தமிழ்ப் பிள்ளை, 'நான் விழுந்தேன், அவன் தள்ளினான்' என்று அழும்போதே யார் செய்தது, யாருக்கு நடந்தது என்ற கணக்கு அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்குத்தான் 'லை', 'லே'. தமிழ் ஆசிரியர் தன்வினை பிறவினை நடத்தும் வாரத்தில் ஆங்கில ஆசிரியர் 'ரைஸ்', 'ரெய்ஸ்' நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில்தான் காப்பி குடிக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் தமிழ் ஆங்கிலத்துக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதில்லை. சில இடத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் இருக்கும். 'வேர்' என்ற ஒரே வினையைச் சட்டைக்கும் புடவைக்கும் கண்ணாடிக்கும் பூவுக்கும் வைத்திருக்கிறது ஆங்கிலம். தமிழில் சட்டை போடுகிறோம், புடவை கட்டுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம், பூ வைக்கிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் தேக்காவில் மகளோடு நடந்துகொண்டிருந்தபோது, "அம்மா, நான் புடவை போடட்டுமா?" என்று கேட்டாள். கட்டட்டுமா என்று திருத்தினேன். ஏன் என்றாள். கடை வாசலிலேயே நின்று, தொங்கிக்கொண்டிருந்த ஒரு புடவையின் முனையைப் பிடித்து அவள் இடுப்பைச் சுற்றிக் காட்டினேன். கட்டுகிறோம் அல்லவா, கை செய்வதைத்தான் வாய் சொல்கிறது. சட்டைக்குள் புகுந்துகொள்கிறோம், கண்ணாடியைக் காதில் மாட்டுகிறோம். கடைக்காரர் முறைக்காமல் சிரித்தார். 'கட்டுங்க, கட்டுங்க' என்று அவரும் சேர்ந்துகொண்டார். கழுவு, துவை, அலசு, விளக்கு என்ற நான்கையும் அன்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தையும் துணியையும் வைத்தே சொல்லிக்கொடுத்தேன். இவர்களுக்கு எல்லாமே 'வாஷ்', எல்லாமே கழுவு. துணியைக் கழுவினேன் என்று சொல்கிற பிள்ளைக்கு, 'லிசன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹியர்' என்று எழுதிய பிள்ளைக்கு நேர்ந்ததேதான் நேர்ந்திருக்கிறது.

போன சனிக்கிழமை பத்தாவது மாடிப் பெண் 'ஹோப்', 'விஷ்' இரண்டையும் கொண்டுவந்தாள். அகராதியில் ஒன்றுக்கு நம்பு, ஒன்றுக்கு விரும்பு என்று போட்டிருந்தது. அது அவளுக்கு உதவவில்லை. 'ஐ ஹோப் ஹி கம்ஸ்', 'ஐ விஷ் ஹி ஹேட் கம்' இரண்டையும் தமிழில் சொல் என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவள் அப்பா கத்தாரில் வேலை பார்க்கிறார், தீபாவளிக்கு வருவதாக இருந்து விடுப்புக் கிடைக்காமல் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா பொங்கலுக்கு வந்தா நல்லாருக்கும்" என்றாள். "இது ஹோப்."

சரி என்றேன்.

"அப்பா தீபாவளிக்கு வந்திருந்தா நல்லாருந்திருக்கும். இது விஷ்."

எதிர் புளோக் பையன் தலையைத் தூக்கி, "அப்ப, அப்பா இப்ப இங்க இருந்தா நல்லாருக்கும்னா?" என்று கேட்டான். 'வந்தா' மாதிரியேதானே இருக்கு, அது ஏன் 'விஷ்' ஆகிறது என்று அவனுக்குக் கேள்வி. நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. நாலு பேரும் நானுமாக அதைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். வந்தால் என்பது இன்னும் நடக்கலாம், இப்போது இருந்தால் என்பது ஏற்கெனவே இல்லை என்று ஆகிவிட்ட ஒன்று, தமிழ் அதைக் குரலில் காட்டுகிறதா, 'எவ்வளவு' என்ற சொல்லைச் சேர்த்துக் காட்டுகிறதா என்று வாதம் போய்க்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கு அவள் அம்மா கீழே நின்று போன் செய்தார். அவள் நோட்டை மூடாமல் கையில் விரித்தபடியே லிஃப்டுக்கு ஓடினாள். "ஆன்ட்டி, நான் அப்பாகிட்ட வீடியோ கால்ல கேட்டுட்டு வர்றேன்" என்று கதவு மூடும்போது கத்தினாள்.